உங்களுக்குத் தெரியுமா? அளவுக்கு மீறிய மின்னோட்டம் எல்இடியின் ஆயுளைக் குறைக்கும்!

● சாதாரண 5 மி.மீ. எல்இடிக்கு ஏற்ற மின்னோட்டம் சுமார் 20 மில்லியாம்பியர். அதை 40 ஆக உயர்த்தினால் வெளிச்சம் இரட்டிப்பாவதில்லை. வெப்பம்தான் இரண்டு மடங்கைத் தாண்டுகிறது.

● நீல, வெள்ளை எல்இடிகளில் மின்னோட்டம் மிகும்போது, ஒளியாக வெளிவர வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி இன்னொரு எலக்ட்ரானிடம் சேர்ந்து வெப்பமாக வீணாகிறது. இதற்கு நேரடிச் சான்று 2013-இல் கிடைத்தது.

● எல்இடி பெரும்பாலும் சட்டென்று அணைவதில்லை, மெல்ல மெல்ல மங்குகிறது. வெளிச்சம் தொடக்க அளவில் 70 சதவீதமாகக் குறையும் வரையிலான காலமே பொதுவாக அதன் ஆயுளாகக் கணக்கிடப்படுகிறது. மிகுந்த வெப்பம் சில்லையும் பாஸ்பர் பூச்சையும் சிதைத்து, அந்த நாளை முன்கூட்டியே வரவழைத்துவிடும்.

● டிவி ரிமோட்டின் அகச்சிவப்பு எல்இடி கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்குகிறதே, எப்படி? அது மிகக் குறுகிய துடிப்புகளாகவே எரிகிறது. இடைவெளியில் சூடு தணிந்துவிடுகிறது.

● 2016-இல் அறிமுகமான ‘துபாய் லாம்ப்’ என்ற எல்இடி பல்பு, மின்னோட்டத்தைக் கூட்டுவதற்கு நேரெதிர் வழியில் சென்றது. கூடுதல் எல்இடிகளைப் பொருத்தி, ஒவ்வொன்றுக்கும் குறைந்த மின்னோட்டம் தந்தார்கள். வாட்டுக்கு 200 லூமென் கிடைத்தது. 60 வாட் குண்டு பல்பின் வேலையை 3 வாட்டில் முடித்தது!

காற்றோட்டமில்லாத மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் எல்இடி பல்பை மாட்டாதீர்கள். சூடு தணிய வழியிருந்தால்தான் பல்பு நீண்டநாள் உழைக்கும்.