ஆளில்லாத சுயவுருவம்

சுயவுருவப் படம் என்றதும் நம் மனத்தில் எழுவது ஒரு முகம். புகலிடம் கோரி விண்ணப்பிப்பவரிடமும் முகந் தெரியும் சிறு படத்தையே கேட்கிறார்கள். அது ஆளைக் காட்டும். அவர் இழந்ததைக் காட்டாது. இழந்ததைப் படமாக்க முயன்றவர் அனா மென்டியட்டா.

1948 இல் ஹவானாவிலே பிறந்தவர் அவர். புரட்சியின் பின், 1960 டிசெம்பருக்கும் 1962 ஒக்ரோபருக்கும் இடையில், 14,000 இற்கும் மேற்பட்ட கியூபாச் சிறுவர்கள் பெற்றோரின்றி ஐக்கிய அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர். 'பெட்ரோ பான்' என்று அந்நடவடிக்கைக்குப் பெயர். வளர மறுத்த சிறுவனின் கதைப்பெயர். இவர்களுக்கோ வளர்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை! 1961 இல், 12 வயதில், அனாவும் தமக்கையும் சென்றனர். அயோவா மாநிலத்தில் விடுதிகளிலும் பிறர் வீடுகளிலும் மாறி மாறி வளர்ந்தனர். தாய் வந்து சேர்ந்தது 1966 இல். சிறையிலிருந்த தந்தை 1979 இலேதான் வந்தார்.

1973 இல் மெக்சிக்கோவின் யாகுல் என்ற இடத்திலே, பழங்காலக் கல்லறை ஒன்றினுள் அனா படுத்தார். வெண்மலர்கள் உடலை மூடின; முகம் தெரியவில்லை. அந்தக் கோலத்திலே படம் எடுக்கப்பட்டது. பின்னர் பெரும்பாலான படங்களில் உடலும் விலகிக்கொண்டது. மண்ணிலும் புல்லிலும் அவருடைய உருவக்கோடு மட்டுமே எஞ்சியது. 1976 இல் கடற்கரை மணலில் தம் உருவளவு பள்ளந் தோண்டிச் செந்நிறச் சாயம் நிரப்பினார். அலை வந்து அதைக் கரைப்பதை ஒன்றன்பின் ஒன்றாகப் படம் பிடித்தார்.

பாலைத்திணை கற்பிக்கும்போது, உடன்போன மகளின் பந்தையும் பாவையையும் கண்டு தாய் வருந்துவதை நான் மாணவர்க்கு விளக்குவதுண்டு. ஆள் அங்கில்லை, விட்டுச்சென்ற பொருளே பேசுகிறது. அனாவின் படங்களிலோ விட்டுச்சென்றவளே தன் வெற்றிடத்தை வரைகிறாள். தாய்த்தெய்வ வழிபாடு என்று இவற்றை விளக்குவாருண்டு. அவரும் அவ்வாறு பேசியவரே. எனக்கு அது மட்டும் போதவில்லை. 'இந்த மண் என்னை ஏற்குமா?' என்று அதிகாரியிடமன்றி மண்ணிடமே கொடுத்த விண்ணப்பமாகத்தான் அவை எனக்குப் படுகின்றன. ஒவ்வொரு தடவையும் மண் சிறிது நேரமே இடங்கொடுத்தது. கமெரா அதற்குச் சாட்சி.

1980 இல் மீண்டும் கியூபாவில் கால்வைத்தார். மறு வருடம், ஹவானாவை அடுத்த ஜருக்கோவில், சுண்ணக்கற் குகைச்சுவர்களிலே பெண்ணுருவங்களைச் செதுக்கினார். வேற்றுமண்ணில் அலைக்குக் கொடுத்த உருவம், அங்கே பாறையில் ஏறியது. அவற்றுக்குப் பெயர் சூட்டியது ஸ்பானிய மொழியிலுமல்ல, ஆங்கிலத்திலுமல்ல. அத்தீவின் ஆதிக்குடிகளான தைனோ மக்களின் மொழியிலிருந்து.