எரிந்தது எங்கே போச்சு?



கொழுந்து நிறுக்கும்போது அரைக் கிலோ குறைந்தாலும் "மிச்சம் எங்கே?" என்று கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். அதே கேள்வியை அடுப்பிடமும் கேட்டுப் பாருங்கள். ஒரு கட்டு விறகு எரிந்தால் கொஞ்சம் சாம்பல்தான் மிஞ்சுகிறது. மிச்ச எடை எங்கே போச்சு?

பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானி லவோசியர் மூடிய பாத்திரங்களில் பொருட்களைச் சூடாக்கி, முன்னும் பின்னும் தராசில் நிறுத்துப் பார்த்தார். இரசாயனத் தாக்கத்துக்கு முன் இருந்த மொத்த எடையும் பின் இருக்கும் மொத்த எடையும் ஒன்றே என்று 1789இல் வெளிவந்த தமது நூலில் எழுதினார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும் திணிவுக் காப்பு விதி இதுதான்.

இப்போது கரியைப் பார்ப்போம். அதில் பெரும்பகுதி காபன். 3 கிலோ காபன் முழுதாக எரிய, காற்றிலுள்ள ஒட்சிசன் 8 கிலோ வேண்டும். 3உம் 8உம் 11. ஆக, 11 கிலோ காபனீரொட்சைட்டு வெளிவரும். எரிந்தது அழியவில்லை. காற்றையும் சேர்த்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத வாயுவாகிவிட்டது.

போதிய காற்று இல்லாமல் 4 கிலோ ஒட்சிசன்தான் கிடைத்தது என்று வைப்போம். 3உம் 4உம் 7. இந்த 7 கிலோவும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு. நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, தலைச்சுற்று, வாந்தி வரும். தூக்கத்திலேயே உயிரும் போகலாம்.

இதை ஏன் எழுதுகிறேன்? 2022இல் கேஸ் தட்டுப்பாடு வந்தபோது கொழும்பில் பலர் விறகுக்கும் கரிக்கும் மாறினார்கள். அந்த வருடம் கொட்டாஞ்சேனையில், கடை வேலைக்குப் போன நம்ம பிள்ளைகள் தங்கியிருந்த அறைக்குப் போனேன். நாலு பேருக்கு ஒரு ஜன்னல். நுளம்புக்குப் பயந்து அதையும் சாத்தி, உள்ளே சிரட்டைக்கரி அடுப்பு. "புகையே இல்லையே சேர், ஆனா தலைதான் இடிக்குது" என்றான் ஒரு தம்பி. உடனே அடுப்பை வெளியே வைக்கச் சொன்னேன்.

லயத்திலும் இதே கதைதான். குளிருக்குத் தணல் சட்டியைக் காம்பராவுக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்காதீர்கள். புகை இல்லாத தணலும் ஆபத்துத்தான். சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். யாருக்காவது தலை சுற்றினால் முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள், பிறகு தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உங்கள் பிள்ளை இருந்தால், அடுத்த முறை பேசும்போது ஒரு வார்த்தை கேளுங்கள்: "அடுப்பு எங்கே வைச்சிருக்கே? ஜன்னல் திறந்திருக்கா?"