காத்திருக்கத் தெரியாத ரொட்டி

ஈஸ்ட் போட்டு மாவு உப்பும்வரை உட்கார்ந்திருக்கப் பொறுமையில்லை, அது இல்லாமல் மூலிகை ரொட்டி சுட வழியுண்டா என்று திண்டுக்கல் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். தாராளமாக உண்டு. அயர்லாந்துக்காரர்கள் 1830களிலிருந்து அதைத்தான் சுட்டுத் தின்கிறார்கள்.

அந்த ஊர்க் கோதுமை மென்மையான ரகம். ஈஸ்ட் ரொட்டிக்கு வேண்டிய இழுவை அதில் குறைவு. ஏழை வீடுகளில் ஓவனும் கிடையாது. இருந்ததெல்லாம் சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த பீட் கட்டி எரியும் அடுப்பு, மூடிபோட்ட இரும்புச் சட்டி, வெண்ணெய் கடைந்த பிறகு மிஞ்சிய புளித்த மோர். சமையல் சோடா கைக்குக் கிடைத்ததும் ரொட்டி தயார். சட்டிக்கு அடியிலும் நெருப்பு, மூடி மேலும் கங்கு.

மோரிலிருக்கும் லாக்டிக் அமிலம் சோடாவைத் தொட்ட நொடியே கார்பன் டை ஆக்சைடு கிளம்பிவிடும். எனவே இந்த மாவைப் பிசையக் கூடாது. சப்பாத்தி மாவை அடித்துப் பிசைந்து பழகிய கைக்கு இதுதான் கஷ்டம். 450 கிராம் மாவுக்கு (பாதி கோதுமை, பாதி மைதா என்றால் ரொட்டி கனக்காது) தட்டையாக ஒரு டீஸ்பூன் சோடா, ஒரு டீஸ்பூன் உப்பு. இவற்றைச் சலித்துக்கொண்டு, சுமார் 400 மில்லி புளித்த கெட்டி மோரை ஊற்றி, விரல்களை அகல விரித்து நாலு சுற்று. ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே உருட்டி, மேலே ஆழமாகச் சிலுவைக் கோடு கீறி, முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் தள்ளிவிட வேண்டும். தேவதைகள் வெளியேற வழிவிடும் கோடு என்பது அந்த ஊர்ப் பாட்டிகள் கதை. நடுமாவுக்குச் சூடு இறங்க வழி என்பது என் கட்சி. 230 டிகிரியில் கால் மணி நேரம், பிறகு 200 டிகிரியில் அரை மணி நேரம். வெந்ததா என்று பார்க்க ரொட்டியைக் கவிழ்த்து, சந்தையில் மண்பானை வாங்கும்போது அம்மா சுண்டிப் பார்ப்பதுபோல அடிப்பக்கத்தைச் சுண்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம்போலச் சத்தம் வர வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது நிறக்கூத்துதான். மாவில் சிட்டிகை மஞ்சள்தூள் சேர்த்து, சோடாவைச் சரியாகச் சலிக்காமல் விட்டால், வெட்டிய துண்டில் அங்கங்கே செம்பழுப்புப் புள்ளிகள் தெரியும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கும் அதே வேலை. காரம் எங்கே குவிந்து நிற்கிறது என்பதை மஞ்சள் காட்டிக்கொடுத்துவிடுகிறது. சூரியகாந்தி விதை போட்டால் இன்னும் வேடிக்கை: ரொட்டி ஆறிய பிறகு விதைகள் பாசிப்பச்சையாக மாறலாம். பூஞ்சை என்று பயந்து தூக்கி எறிய வேண்டாம். விதையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் காரத்தோடு சேர்ந்து செய்யும் வேலை அது. கெடுதல் எதுவும் இல்லை.

கெடுதல் வேறிடத்தில் இருக்கிறது. போதிய மோர் இல்லாமல் சோடாவை அள்ளிப் போட்டால், சூட்டில் மிச்ச சோடா சோடியம் கார்பனேட்டாகிவிடும். அதாவது சலவை சோடா. ரொட்டியில் சோப்பு வாடை அடிப்பது அதனால்தான். கொண்டைக்கடலை சீக்கிரம் வேக வேண்டுமென்று சோடாவைத் தூவுகிற வழக்கமும் ஒழிந்தால் தேவலை. கடலையிலுள்ள பி1 வைட்டமினை அந்தக் காரம் சிதைத்துவிடுகிறது.

மூலிகைக்கு வருவோம். ஐரோப்பியச் சமையலின் தைம் இலைக்கு மணம் தரும் தைமால்தான் நம் ஓமத்துக்கும் மணம் தருகிறது. ஆரிகனோவின் காரமணத்துக்குக் காரணமான கார்வக்ரால் நம் கற்பூரவல்லியிலும் உண்டு. பால்கனித் தொட்டியில் கற்பூரவல்லி ஆளுயரம் தழைத்து நிற்க, பீட்சாவோடு வந்த ஆரிகனோ பொட்டலத்தைப் பிரிட்ஜில் பத்திரப்படுத்துகிறவர்களை என்ன சொல்ல! சளி பிடித்தால் மட்டும் அந்தச் செடியின் ஞாபகம் வருகிறது. மேலே சொன்ன அளவுக்கு ஏழெட்டு இலை போதும். நீர்ச்சத்து மிகுந்த இலை என்பதால் பொடியாக நறுக்கித் துணியில் ஒற்றிவிட்டுச் சேருங்கள். ஒரு டீஸ்பூன் ஓமத்தைக் கையில் கசக்கிப் போடுங்கள்.

சுட்ட அன்றே தின்ன வேண்டிய ரொட்டி இது. மிஞ்சினால் மறுநாள் துண்டு போட்டு, தோசைக்கல்லில் வெண்ணெய் தடவி வாட்டிக்கொள்ளலாம்.