பூவுக்கும் மாதம் உண்டு!

கண்டாச்சிபுரத்திலிருந்து விழுப்புரம் வழியாகப் புதுச்சேரிக்குத் துணி எடுக்கப் போகிறீர்களா? அப்படியே தாவரவியல் பூங்காவுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். 1826-ல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்தது. நிழலுக்கு எந்த மாதமும் போகலாம். பூ பார்க்கத்தான் மாதம் தெரிய வேண்டும்.

சித்திரை வெயிலில் சரக்கொன்றை மஞ்சள் சரமாகத் தொங்கும். குல்மோகர் சிவந்து எரியும் காலமும் அதுதான். மடகாஸ்கரிலிருந்து வந்த அழகி! அவளைப் பூங்காவோடு ரசியுங்கள். வீட்டு வாசலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். கிளைகள் சுலபமாக முறியும்; வேரும் மேலாகவே ஓடும். 2011 டிசம்பரில் 'தானே' புயல் புதுச்சேரியில் மரங்களைச் சாய்த்தது நினைவிருக்கிறதல்லவா?

சின்ன முற்றத்துக்குப் பவழமல்லி போதும். புரட்டாசி, ஐப்பசியில் அந்தியில் மலரும். விடியற்காலையில் நீங்கள் கோலப்பொடியுடன் வருவதற்குள் வாசலெல்லாம் உதிர்ந்து கிடக்கும்.