பிள்ளைகளின் சுற்றுலாவும் ஒரு பாடம்தான்



குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னார்: "ஏழாவது படிக்கிற புள்ளைய நஞ்சராயன் குளத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். பொட்டப்புள்ள எதுக்குங்க ஊர் சுத்தோணும்? நான் கையெழுத்துப் போடலீங்க."

ஊர் சுற்றல் இல்லை அக்கா, அதுவும் படிப்புதான். நம்ம திருப்பூர் பக்கத்தில், நல்லாற்றுத் தண்ணீர் வந்து சேரும் குளம் அது. 2022-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024-ல் உலக அளவிலான ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. இமயமலையைத் தாண்டிப் பறக்கும் வரித்தலை வாத்துகூட இங்கே வந்ததுண்டு. புத்தகத்தில் படித்ததைக் கண்ணால் பார்த்தால் பிள்ளைகள் மறக்காது.

எட்டாவது முடித்ததும் பனியன் கம்பெனிக்கு அனுப்புகிற பழக்கம் நம்மிடம் இன்னும் முழுசாகப் போகவில்லை. பள்ளிக்கூடம் பிடித்துப்போன பிள்ளை, படிப்பை நிறுத்தச் சொன்னால் நம்மிடம் கேள்வி கேட்கும். அது நல்லதுதானே?

நாம் செய்ய வேண்டியவை:

1. கூட வரும் ஆசிரியர்கள் யார், ஆசிரியை உண்டா, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று கேளுங்கள். திருப்தியானால் கையெழுத்துப் போடுங்கள்.

2. ஷிப்ட் முடிந்து வந்ததும், "இன்னிக்கு வகுப்புல என்ன நடந்துச்சு கண்ணு?" என்று பத்து நிமிடம் கேளுங்கள்.

3. பள்ளி மேலாண்மைக் குழுவில் சேருங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள்.

அந்த அக்கா மறுநாளே கையெழுத்துப் போட்டார். "ராத்திரி பூரா பறவைக் கதைதானுங்க, எனக்கே பார்க்கோணும்போல இருக்குது" என்கிறார் இப்போது.