கிட்டார்ப் பெட்டியும் கேட்போர் செவியும்

அண்மையில் ஒரு மாலை, தந்தை ஒருவர் நம்மை நாடி வந்தார். அவருடைய மகன் பாடகர் குழுவில் மின்கிட்டார் வாசிப்பவன். "சாமி, இப்போதுள்ள பெட்டியில் ஒரு ஸ்பீக்கர்தான் இருக்கிறதாம், ஓசை போதவில்லையாம். நான்கு ஸ்பீக்கர் கொண்ட பெட்டி வேண்டும் என்கிறான். என்னுடைய இரண்டு மாதச் சம்பளம் போய்விடும். வாங்கிக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். இக்கேள்வி வேறு பல இல்லங்களிலும் எழுந்திருக்கும். ஆதலின் நாம் அறிந்ததை இங்கு எழுதுகிறோம்.

நான்கு ஸ்பீக்கர் பெட்டி எவ்வாறு பிறந்தது என்பதை முதலில் நோக்குவோம். இலண்டன் மாநகரின் மேற்கே ஹான்வெல் என்னும் பகுதியில் ஜிம் மார்ஷல் என்ற டிரம் கலைஞர் 1960-இல் இசைக்கருவிக் கடையொன்றைத் தொடங்கினார். அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனத்தாரின் 'பாஸ்மேன்' ஆம்ப்ளிஃபயரில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு, பின்புறம் திறந்த பெட்டியில் அமைந்திருந்தன. மார்ஷலும் அவருடைய தோழர்களும் 1962-இல் அதனை முன்மாதிரியாகக் கொண்டு தம் கருவியைச் செய்தனர். ஆனால் 12 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கினைப் பின்புறம் மூடிய தனிப் பெட்டியில் பொருத்தினர். நான்கு எதற்கு? அக்காலத்து ஸ்பீக்கர் ஒன்று 15 அல்லது 20 வாட் அளவே தாங்கும்; ஆகவே சுமையைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. 1965-இல் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் ஒரே பெட்டியில் எட்டு ஸ்பீக்கர்கள் கேட்டார். அதைத் தூக்கிச் சுமந்தவர்கள் முறையிடவே, அது இரு பெட்டிகளாக்கப்பட்டு ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டது. பேரரங்குகளின் தேவை அது. இன்றோ ஒரே ஸ்பீக்கர் 60 வாட்டும் அதற்கு மேலும் தாங்குகிறது.

மறுநாள் பயிற்சி வேளையில் சென்று பார்த்தோம். பெட்டி தரையில், சுவர் மூலையில் இருந்தது. மகன் அதற்கு இரண்டடி முன்னே நின்றான். ஓசையின் தெளிவெல்லாம் அவனுடைய முழங்காலுக்கே சென்றது! 12 அங்குல ஸ்பீக்கரிலிருந்து கீழ்ச்சுரங்கள் நாற்புறமும் பரவும். மேல்சுரங்களோ டார்ச் விளக்கின் ஒளிபோல் நேரே பாயும். பெட்டிக்கு மேலே நிற்பவனுக்கு ஓசை மங்கிக் கேட்கிறது. அவன் மேல்சுரத்தையும் ஒலியளவையும் திருகி ஏற்றுகிறான். அதன் எதிரே அமர்ந்திருக்கும் முதியோர் காதைப் பொத்திக்கொள்கின்றனர்.

பெட்டியைப் பெஞ்சின்மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, சற்றே பின்னோக்கிச் சாய்த்து வைத்தோம். மூலையில் முழங்கிக்கொண்டிருந்த கீழ்ச்சுரம் அடங்கிற்று. ஓசை செவிக்கு நேரே வந்ததும், யாரும் சொல்லாமலே மகன் கைநீட்டி ஒலியளவைக் குறைத்தான்.

எனினும் பெரிய விழாக்களுக்கு இன்னொரு ஸ்பீக்கர் தேவையே என முடிவாயிற்று. தேர்வு செய்கையில் நான்கு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கிட்டாருக்கென்றே செய்யப்பட்டதாக இருத்தல். அத்தகைய ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட கீச்சொலியைத் தானே அடக்கிவிடும். பாட்டுப் பெட்டியின் ஸ்பீக்கர் அவ்வாறு அடக்குவதில்லை. இரண்டாவது, ஸ்பீக்கர்கள் தாங்கும் வாட் அளவின் கூட்டுத்தொகை ஆம்ப்ளிஃபயரின் அளவை விட நன்கு மிகுதியாக இருத்தல். மூன்றாவது, ஓம் கணக்கு. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம். தொடர் இணைப்பில் 16 ஓம். இம்மகனின் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் முதுகில் '4 ஓமுக்குக் குறையக்கூடாது' என்று அச்சிட்டிருந்தது. அவன் எண்ணியபடி 8 ஓம் ஸ்பீக்கர் நான்கையும் பக்க இணைப்பில் கோத்திருந்தால் 2 ஓமாகி, ஆம்ப்ளிஃபயரே கருகியிருக்கக்கூடும். நான்காவது, டெசிபலில் குறிக்கப்படும் உணர்திறன். 97 டெசிபலுக்குப் பதில் 100 டெசிபல் ஸ்பீக்கரை வைத்தால், ஆம்ப்ளிஃபயரின் ஆற்றலை இருமடங்காக்கிய பயன் கிட்டும். ஆனால் ஒரே பெட்டியில் சேரும் இரண்டும் இதில் ஒத்திருத்தல் நன்று. இன்றேல் ஒன்றின் குரலே ஓங்கும்.

இரண்டாம் ஸ்பீக்கரும் வந்தது. ஆனால் ஓசை வளருவதற்கு மாறாக மெலிந்தது! மகன் முகம் வாடிற்று. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று தந்தை சினந்தார். குறை கடையில் இல்லை. கம்பிகள் முனை மாறியிருந்தன. ஒரு கூம்பு காற்றை முன்னே தள்ளுகையில் மற்றொன்று பின்னே இழுத்துக்கொண்டிருந்தது. கீழ்ச்சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. ஆம்ப்ளிஃபயரிலிருந்து பெட்டியைப் பிரித்துவிட்டு, அதன் கம்பிகளில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார்த்தால் இக்குறை வெளிப்படும். இரு கூம்புகளும் ஒரே பக்கமாக அசைய வேண்டும். முனைகளை மாற்றியதும் ஓசை நிறைந்தது. பின்னர் பெட்டியை நெட்டுக்குத்தாக நிறுத்தினோம். ஸ்பீக்கர்கள் பக்கத்தில் பக்கமாக இருப்பதை விட மேலும் கீழுமாக இருந்தால், ஓசை இடப்புறமும் வலப்புறமும் அகலப் பரவும்.

பெற்றோர் மறக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. 85 டெசிபல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது வல்லுநர் வகுத்த வரம்பு. 3 டெசிபல் ஏறுந்தோறும் அந்நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடமே. கெட்ட ஸ்பீக்கரை மாற்றலாம். உட்செவியின் நுண்ணிய உணர்மயிர்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

ஆகவே அன்புப் பெற்றோரே, உங்கள் மகன் "இன்னும் மூன்று ஸ்பீக்கர் வேண்டும்" என்று கேட்கும்போது, மறுக்கவும் வேண்டாம், கடன் வாங்கவும் விரைய வேண்டாம். இருக்கும் பெட்டியை அவனோடு சேர்ந்து தூக்கி, அவன் செவிக்கு நேராக ஒருமுறை வைத்துப் பாருங்கள்.