சலூன் திறக்குமுன் தலைகளை எண்ணுவோம்

காணியையும் கிணற்றையும் விட்டுவந்த குடும்பத்தில் ஒரு மகன் முடிவெட்டப் பழகி, கண்டக்குழியில் சலூன் திறக்க விரும்பினால் நாம் மகிழவேண்டும். சாதித் தொழில் என்று முகம் சுளிப்போர் இன்னும் உளர்; அவர்களும் மாதமொருமுறை அந்தக் கதிரையில் வந்து அமரத்தான் வேண்டும். ஆனால் தொழில் திட்டம் எழுதும்போது எமது பிள்ளைகள் கண்ணாடி, சுழல்கதிரை ஆகியவற்றின் விலையில் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் எழுதவேண்டியது தலைகளின் எண்ணிக்கை.

வயல் செய்தவருக்கு இது விளங்கும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும். பசளை போட்டு இன்னொரு போகம் எடுக்க முடியாது. முன்பு ஊரில் முடிவெட்டுபவர் வீடுவீடாக வந்தார், நாம் அறுவடையில் நெல் அளந்தோம். தமக்குரிய வீடுகளை அவர் அறிவார். இடம்பெயர்ந்து வந்த பிள்ளையோ தெருத்தெருவாக நடந்து எண்ணித்தான் அறியவேண்டும்.

இங்கு கடலையும் கணக்கில் எடுக்கவேண்டும். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். படகு கரையில் நின்றால் முடிவெட்டும் தள்ளிப்போகும். அதே காற்றை நம்பிப் பட்டத்தில் தொங்கி நீரில் சறுக்க வெளிநாட்டார் வருகிறார்கள். அவர்களைத் திட்டத்தில் சேர்க்கவேண்டாம், வந்தால் இலாபம்.

உதாரணத்துக்கு, தலைக்கு 400 ரூபா வாங்கி, பிளேட், பவுடர், கிருமிநீக்கிக்கு 50 ரூபா செலவிடுவதாக வைப்போம். வாடகை 7,000, மின்சாரமும் நீரும் 3,000, கடன் தவணை 9,000. நல்ல மாதத்தில் 120 தலை வந்தால் 23,000 ரூபா மிஞ்சும். காற்று மாதத்தில் 60 வந்தால் 2,000 மட்டுமே. அதில் அடுப்பு எரியாது. பழைய கதிரை வாங்கித் தவணையை 4,000 ஆகக் குறைத்தால் அதே 60 தலையில் 7,000 மிஞ்சும். எனவே கடனின் அளவைக் காற்று மாதத்தை வைத்தே தீர்மானிக்கவேண்டும்.

பிளேட்டில் மட்டும் சிக்கனம் கூடாது. ஒருவருக்குப் பாவித்ததை மற்றவருக்குப் பாவித்தால் ஈரலைத் தாக்கும் பி வகைக் கிருமி பரவக்கூடும். வியாபாரப் பெயர்ப் பதிவைப் பிரதேச செயலகத்திலும் அனுமதிப்பத்திரத்தைப் பிரதேச சபையிலும் விசாரித்து, கட்டணங்களைத் தொடக்கச் செலவில் எழுதவேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்றது. கத்தரிக்கோலால் வெட்டத் தெரிந்தவருக்கு அன்றும் வேலை இருந்தது.

கடன் சொல்லிப் போகிறவர்களும் இருப்பார்கள். மீன் பட்டதும் தருவார்கள், பெரும்பாலும் தருவார்கள். அவர்களுக்குக் கொப்பியில் தனிப் பக்கம் ஒதுக்கி, பணம் கைக்கு வரும்வரை வருமானத்தில் சேர்க்காதிருப்போம்.